கொட்டாஞ்சேனைக்குப் போன பனங்கிழங்கு

எங்கள் உடன்குடிப் பக்கத்தில் பனங்கிழங்கை இரண்டு காரியத்துக்காகத் தோண்டுவார்கள். அவித்துத் தின்பதற்கு ஒன்று. அவித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதற்கு இன்னொன்று. மூன்றாவதாகவும் ஒரு காரியம் உண்டு, அதற்குக் கிழங்கை அவிக்காமல், வேர் அறாமல், ஈர மணலில் புதைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் கருப்பட்டி மண்டி முதலாளி சொன்னபோது, மனுஷனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ரெஜினா டீச்சர் என்று ஒருவர். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மற்ற நேரமெல்லாம் செடிகளின் உடம்பை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறவர். பனையில் ஆண் எது, பெண் எது என்பது அது பூக்கும்வரை யாருக்கும் தெரியாது. பூப்பதற்குள் நட்டவனுக்கு நரை விழுந்துவிடும். கிழங்காக இருக்கும்போதே வேர்நுனியைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியுமா என்பது டீச்சரின் ஆராய்ச்சி. வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் தங்கை மாப்பிள்ளையிடம் டீச்சர் கருப்பட்டி வாங்குவார். அவர் மூலம் செய்தி முதலாளிக்கு வந்தது. முதலாளி உடனே மனக்கணக்குப் போட்டுவிட்டார்: பெண் கன்றுகளை வைத்துக்கொண்டு, ஆண் கன்றுகளில் பாதியைப் பிடுங்கிவிடலாம்.

"நீ போ. நீதான் வழியில யார்கிட்டயும் வாய் கொடுக்கமாட்டே. கிழங்கு பத்திரமாப் போய்ச் சேரும்" என்றார்.

அதில் அவர் கணக்குத் தப்பிவிட்டது. வாய் கொடுக்காதவனுக்கு "இல்லை" என்று சொல்லவும் வாய் வராது. ரயிலில் எதிரே இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் என் பெட்டியின் மணலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "ஊர்க் கிழங்கோ?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். தலையசைப்பை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாலைந்தை உருவிக்கொண்டார். பதிலுக்குத் தன் புட்டுப் பொட்டலத்தில் பாதியைத் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மருதானையில் இறங்கியபோது பெட்டி கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது.

இரண்டாம் யுத்தம் வருவதற்குச் சில வருடங்கள் முந்தைய கதை இது. இரண்டு கரையிலும் கச்சேரிச் சுவரில் ஒரே ராஜாவின் படம் தொங்கிய காலம். ஆனாலும் கடலைத் தாண்டியதும் எல்லாமே கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தன. ஆப்பம் இருந்தது, அதன் நடுவில் முட்டை இருந்தது. இடியப்பம் இருந்தது, தேங்காய்ப் பாலுக்குப் பதில் மஞ்சள் நிறத்தில் சொதி இருந்தது. ரொட்டிக்குப் பாண் என்று பெயர். காலையில் பாண், மாலையில் பாண், காய்ச்சல் வந்தால் அதற்கும் பாண்.

என் தங்கை செல்லக்கனியின் வீடு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் பக்கத்தில். ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் உள்ள தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வீட்டார் பேச்சை நிறுத்தி, ரயில் போன பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறதே.

முதல் நாளே மச்சான் எனக்கு நிலைமையைச் சொன்னார். டீச்சரிடம் இருக்கும் மைக்ராஸ்கோப் கல்லூரி ஒன்றிலிருந்து இரவல் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரியின் வெள்ளைக்காரப் பேராசிரியர் வீட்டுக்கே வந்து பார்க்கப்போகிறார். உருப்படியாக ஏதாவது காட்டினால் கருவி டீச்சரிடமே இருக்கும். இல்லையென்றால் அன்றைக்கே காரில் ஏறிப் போய்விடும். டீச்சருக்கு அதைத் தன் பணத்தில் வாங்க இந்த ஜென்மத்தில் முடியாது.

"யாழ்ப்பாணத்துல பனையே இல்லையா, என்னை ஏன் வரச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

மச்சான் சிரித்தார். டீச்சருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மாமா இருக்கிறார். அவரிடம்தான் முதலில் கேட்டிருக்கிறார். இரண்டு முறை அனுப்பினாராம். இரண்டு முறையும் நன்றாக அவித்து, உப்பும் மஞ்சளும் போட்டு, வாழைச் சருகில் கட்டி. மருமகள் கொழும்பில் தனியாகக் கஷ்டப்படுகிறாள், பச்சைக் கிழங்கை அனுப்பி அவளுக்கு வேலை வைப்பதா என்று அந்த மனுஷனுக்கு மனம் கேட்கவில்லை.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மறுநாள் மத்தியானம்வரைதான் நீடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் என்னைத் தெருமுனையில் உள்ள ஒரு நானாவின் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே முஸ்லிம்களை நானா என்பார்கள். பெரிய தாடி, சுத்தமான தொப்பி, கணீரென்ற தமிழ். சீனி போடாத தேத்தண்ணியை ஒரு கையிலும் கருப்பட்டித் துண்டை மறு கையிலும் கொடுத்தார். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். கித்துள் என்ற மரத்துக் கருப்பட்டி. நான் இருபது வருடமாக மண்டியில் நாக்கால் பிழைப்பவன். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது: நல்ல சரக்கு. ஆனால் உடன்குடிச் சரக்கில் கடைசியில் ஒரு கரிப்பு வந்து தொண்டையைத் தட்டுமே, அது இதில் இல்லை. அதை நானாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொரு துண்டை என் கையில் வைத்துவிட்டார். அதையும் தின்றேன். கரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

கடலில் கால் நனைத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினால், வாசலிலேயே மஞ்சள் வாசனை. அடுப்பில் பெரிய பானை. பானைக்கு மேலே வரிசையாக மஞ்சள் மூக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. பின்வாசலில் என் பெட்டி, பாதி மணலும் காற்றுமாக.

செல்லக்கனி தட்டை நீட்டினாள். "அண்ணே, அந்த டீச்சரு ஒத்தை ஆளு. ஒரு பெட்டிக் கிழங்கை வச்சுக்கிட்டு அவுக என்ன செய்யப்போறாக? மேல் வரிசைய மட்டும் அவிச்சேன். சூடு ஆறதுக்குள்ள தின்னுங்க."

யாழ்ப்பாணத்து மாமாவைப் பற்றி இவளிடமும் சொல்லித்தான் சிரித்திருந்தோம். ஆனாலும் ஊர்க் கிழங்கைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்ட பெண். தின்றேன். நன்றாகவே இருந்தது. அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகள் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்கள், அவர்களுக்கும் போயிற்று. மீதி இருந்த கீழ் வரிசையை நான் அன்று மாலை கொல்லையில் கடற்கரை மணலைக் கொட்டி, புதைத்து, தண்ணீர் தெளித்து, மேலே ஒரு உடைந்த கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் அம்மிக் குழவியையும் வைத்தேன். தங்கைக்கு அது புரிந்தது.

திங்கட்கிழமை அதிகாலை, இரண்டு கிழங்குகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயிலிலும் பிறகு டிராமிலும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். டிராமில் என் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி முன்னால் இருந்த அம்மாளின் செருப்பில் விழுந்தது. கண்டக்டர் சிங்களத்தில் என்னவோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "மீன் கொண்டுபோறதெண்டா பின்னால நிக்கட்டாம்" என்று மொழிபெயர்த்தார். மீன் இல்லை என்று விளக்குவதைவிடப் பின்னால் போய் நிற்பது சுலபமாக இருந்தது.

டீச்சரின் வீடு கோவில் மணி கேட்கிற ஒரு சந்தில். அவர்கள் மாதா கோவிலைக் கோவில் என்றுதான் சொல்கிறார்கள். டீச்சர் காலைப் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நாற்பதை நெருங்கியவர், வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி. விரல் நுனிகள் எல்லாம் சிவப்பு. மருதாணி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வேருக்கு ஏற்றும் சாயமாம். அதை ஒரு பூச்சியிலிருந்து எடுக்கிறார்களாம். வீட்டில் அவரும் அவருடைய அப்பா பஸ்தியாம்பிள்ளையும் மட்டும். பெரியவர் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

கிழங்கைப் பார்த்ததும் டீச்சர் அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். வேரைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த பித்தளைக் கருவியைக் காட்டி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வேர் என்பது செங்கல் அடுக்கினாற்போலச் சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு உருண்டை. ஒரு அறை இரண்டாகப் பிரியும் நேரத்தில் மட்டும் அந்த உருண்டை நூல் நூலாகிவிடும். நூல்கள் இரண்டு பக்கமும் இழுபடும். அந்த நூல்களை எண்ணி, வடிவம் பார்த்துத்தான் ஆண் பெண் வித்தியாசம் உண்டா என்று தேட வேண்டும்.

"ஆனா இதுவரைக்கும் ஒரு அறை பிரியிறதைக்கூட நான் வடிவாப் பாக்கேல்ல, அண்ணன்" என்றார். "அவிக்காத கிழங்கு எண்டு முந்தி ஒருக்கா மன்னாரில இருந்து கிடைச்சது. நான் வெட்டிப் பாத்த வேரெல்லாம் நித்திரை. வெள்ளிக்கிழமை அவருக்கு நித்திரையைக் காட்டினா மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போயிடுவார்."

சொல்லிக்கொண்டே சவரக் கத்தியை எடுத்தார். பூசை முடிந்து பள்ளிக்கூடம் போவதற்குள் வேர் வெட்டிப் பழகியவர். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் அதே நேரம்தான்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரை. திங்கட்கிழமை ஏழரை.

எங்கள் மண்டியில் ராகு காலத்தில் தராசைத் தொடமாட்டோம். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் தாலியைவிட ராகு காலத்துக்குத்தான் பயப்பட்டார்கள். புதுக் காரியம், அதுவும் இரும்பை வைத்து உயிருள்ள ஒன்றை வெட்டும் காரியம், திங்கட்கிழமை ஏழரைக்கா? ஆனால் இதைப் படித்த ஒரு பெண்ணிடம், அதுவும் வேதக்காரரிடம், முதல் சந்திப்பில் எப்படிச் சொல்வது?

தண்ணீர் கேட்டேன். வந்தது, குடித்தேன். தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டேன். வந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். இன்னொன்று கேட்டேன். கொல்லைப்புறம் எங்கே என்று கேட்டுப் போய், அங்கே நின்றுகொண்டு ஒரு பப்பாளி மரத்தைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது டீச்சர் மறுபடி கத்தியை எடுத்தார். வேறு வழியில்லாமல் நான், ஊரில் யார் கேட்டாலும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத நான், பனங்கொட்டையை எப்படிப் புதைப்பது என்று ஆரம்பித்து, மழை, மண், பாத்தி, நரி என்று போய்க்கொண்டே இருந்தேன். நரி எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

மூலையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் இருமினார்.

"மகள், கத்தியை வையுங்கோ. இண்டைக்குத் திங்கள். தம்பி ஒன்பது மணி வரைக்கும் தேத்தண்ணி குடிக்கத்தான் போறார்."

துறைமுகத்தில் அவர் இதை நிறையப் பார்த்திருக்கிறாராம். செட்டியார் தெருக்காரர்களின் வெங்காயக் கப்பல் வந்தால், ராகு காலம் முடியும்வரை முதல் மூட்டை இறங்காது. கூலியாட்கள் நிழலில் சீட்டாடுவார்கள். வெள்ளைக்காரத் துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார்.

"ராகுவுக்கும் வேருக்கும் என்ன தொடர்பு, அண்ணன்?" என்று டீச்சர் கேட்டார்.

நான் காலிக் கோப்பையை எடுத்து நீட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி. கடல் கடந்து கொண்டுவந்தவர். ஒன்பது மணிக்கு வெட்டுவம்."

ஒன்பது மணிக்கு மீன்காரர் வந்தார். சாளை விலை பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஒரு மாணவியின் தாயார் வந்தார், அழுதார், பலகாரம் கொடுத்தார், போனார். டீச்சர் வேரை வெட்டும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. வெட்டிய நுனியைச் சாராய நெடி அடிக்கும் ஒரு திரவத்தில் போட்டார். அதில் விழுந்த கணமே அறைகள் எல்லாம் அப்படியே செத்து, எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையில் நின்றுவிடுமாம். பிறகு சிவப்புச் சாயம், துருப்பிடித்த ஊசியால் ஒரு கிளறல் (துரு பட்டால்தான் சாயம் நன்றாக ஏறுமாம்), இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்துப் பெருவிரலால் ஒரு அழுத்தல். சாளை மீன் குழம்பும் சோறும் எனக்கு வந்தது. டீச்சர் சாப்பிடவில்லை. கருவியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை.

வெகுநேரம் கழித்து, "அப்பா, பிரியுது" என்றார். சத்தமாக அல்ல.

பெரியவர் வந்து குனிந்து பார்த்து, "ஓம் மகள்" என்றார். அவர் வைத்துப் பார்த்த கண்ணில் புரை. என்னையும் பார்க்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது என் இமை மயிர் மட்டும்தான். "நல்லா இருக்கு டீச்சர்" என்றேன்.

ராகுவுக்கு ஒரு நன்றியாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ஒருக்கா கிடைச்சா அது அதிஷ்டம். நாளைக்கு மணிக்கு ஒரு வேர் வெட்டுவம். ராகு காலத்திலயும் வெட்டுவம். நீங்க பயமெண்டா கண்ணை மூடிக்கொள்ளுங்கோ" என்றார்.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. கிழங்குகளை வெள்ளவத்தையிலேயே வைத்திருந்து தேவைக்குக் கொண்டுபோனேன். கொட்டாஞ்சேனை வீட்டு எலிகளிடம் டீச்சர் முன்பே தோற்றிருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்குமேல் அவர் வெட்டியபோது நான் பப்பாளி மரத்தைப் பார்க்கப் போய்விட்டேன். புதன்கிழமை முடிவு தெரிந்தது. காலையில் எல்லா அறையும் தூக்கம். வெயில் ஏறி, பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் விழித்துக்கொண்டு மளமளவென்று பிரிகின்றன. பிறகு மறுபடி சோம்பல்.

"அரசாங்கக் கந்தோர்க் கிளார்க்குமார் மாதிரி" என்றார் பெரியவர். "பதினொரு மணிக்குத்தான் பைலைத் திறப்பினம்."

அந்த மகிழ்ச்சியில் எனக்கும் தைரியம் வந்து, முதலாளியின் கேள்வியைக் கேட்டுவிட்டேன். இதில் எது ஆண், எது பெண்?

டீச்சர் சிரித்தார். நல்ல சிரிப்பு அது, கேலி இல்லை. "இதுகளை நட்டு, அது பூத்து, ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்து... நான் கிழவியாகிடுவன், அண்ணன். அதுக்குத்தான் இந்த மைக்ராஸ்கோப் எனக்கு வேணும். உங்கட முதலாளிக்குச் சொல்லுங்கோ, இன்னும் கொஞ்சக் காலம் ஒண்டையும் பிடுங்க வேண்டாமெண்டு."

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. மச்சான் வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார். முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து நானாமார்கள் செய்யும் பண்டம் அது. கருப்பட்டி வியாபாரத்தில் இருந்துகொண்டு இதை அறியாமல் இத்தனை வருடம் வாழ்ந்தேனே என்று வருந்திக்கொண்டே நாலாவது துண்டை விழுங்கும்போது, கடைச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை, ராகு காலம், பத்தரை முதல் பன்னிரண்டு.

ஐந்தாவது துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அறைகள் விழிக்கிற நேரமும் அதுதான். கொல்லையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கிழங்கு. முந்தின நாள் எடுத்த வேர்களைக் காட்டலாமே என்றால், பேராசிரியர் முதல் வெட்டிலிருந்து எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை கடைசிக் கிழங்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவித்ததில் மிஞ்சி, செல்லக்கனி வெயிலில் காய வைத்திருந்த கிழங்கில் கொஞ்சத்தையும், "வெள்ளைக்காரருக்குக் குடுங்க" என்று ஒரு பொட்டலமாகக் கையில் திணித்தாள். டிராம் பாதி வழியில் நின்றது. முன்னால் ஒரு மாட்டுவண்டியின் அச்சு முறிந்து, தண்டவாளத்தின் குறுக்கே தேங்காய்கள் சிதறிக் கிடந்தன. கண்டக்டர் இறங்கிக் கத்தினார். வண்டிக்காரர் பதிலுக்குக் கத்தினார். பயணிகள் இரண்டு பேருக்கும் யோசனை சொன்னார்கள். பக்கத்து நகைக்கடைக் கடிகாரத்தில் மணி பத்தரை தாண்டியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை ஒளிக்க விரும்பவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பன்னிரண்டு தானாக வரும். ராகு காலமும் போய்விடும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, தேங்காயைத்தான் சொல்வார்கள். பன்னிரண்டுக்கு மேல் டீச்சர் வேரை வெட்டுவார், பேராசிரியர் குனிந்து பார்ப்பார், தூங்குகிற அறைகளைக் காண்பார். பித்தளைக் கருவி காரில் ஏறும். நான் நல்ல நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவனாக ஊருக்குத் திரும்புவேன்.

அந்தச் சிவப்பு விரல்கள் அதன்பிறகு எதைத் தொடும் என்று ஒரு நினைவு வந்தது. அவ்வளவுதான். இறங்கி ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்தேன். "கொட்டாஞ்சேனை, சீக்கிரம்" என்று நானே கத்தினேன். ரிக்‌ஷாக்காரர் என் சாக்கைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "மீன் இல்லை!" என்று அவரிடமும் கத்தினேன். திங்கட்கிழமையிலிருந்து தேக்கி வைத்த பதில்.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று அடித்து முடிந்திருந்தது. வாசலில் கார். உள்ளே நெட்டையான வெள்ளைக்காரர், சின்ன நாற்காலியில் முழங்கால்களை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். டீச்சர் என் முகத்தையும் கடிகாரத்தையும் பார்த்தார்.

"அண்ணன், நீங்க வேணுமெண்டா பப்பாளியைப் பாத்துக்கொண்டு நிக்கலாம்" என்றார் மெதுவாக.

"நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க வெட்டுங்க" என்றேன். கிழங்கைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

வேர் திரவத்தில் ஊறும்வரை பேராசிரியருக்குச் சாப்பாடு. அவித்த கிழங்கை ஒரு தட்டில் வைத்தார்கள். அவர் அதைக் கத்தியால் வட்டமாக அறுத்து, முள்கரண்டியால் குத்தி வாயில் போட்டார். கிழங்கை நீளமாகக் கிழித்து நாரை இழுத்துப் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெகுநேரம் மென்றார். பெரியவர் ஆங்கிலத்தில் வானிலையைப் பற்றிப் பேசி அவரைப் பதில் சொல்லும் கஷ்டத்திலிருந்து காப்பாற்றினார். கடைசியில் வாயிலிருந்து ஒரு கொத்து நார் வந்தது. அதையும் வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்தார்.

இரண்டு மணிக்குமேல் அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. திருகினார், நகர்த்தினார், மறுபடி திருகினார். டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பேராசிரியர் எழுந்து, என்னைப் பார்த்து, நாற்காலியைக் காட்டினார். கிழங்கு கொண்டுவந்தவர் பார்க்கட்டும் என்று சொன்னாராம்.

"இமையைக் கிட்ட கொண்டு போகாதேங்கோ. கொஞ்சம் தள்ளி" என்றார் டீச்சர்.

அன்றைக்குத் தெரிந்தது. சிவந்த வட்டத்துக்குள் வரிசையாக அறைகள். நடுவில் ஒரு அறையில் மட்டும் உருண்டை இல்லை. இரண்டு கைப்பிடி நூல், ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்தது என்பது தவறு. பாதி தூரம் விலகி அப்படியே நின்றிருந்தது. அந்தப் பக்கமும் போய்ச் சேராமல், இந்தப் பக்கமும் திரும்பாமல்.

என்னை அறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். "பாவம், டீச்சர். பாதியிலேயே நின்னுபோச்சு. ராகு காலத்துல ஆரம்பிச்சாப் பின்ன எப்படி முடியும்?"

பெரியவர் சுருட்டுப் புகையோடு இருமினார். பேராசிரியர் என்னவென்று கேட்டார். டீச்சர் ராகு காலம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை யோசிப்பதுபோல என்னைப் பார்த்தார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அது பாதியில நிண்டதாலதான், அண்ணன், நாங்க அதைப் பாக்கிறம். முடிஞ்சிருந்தா ரெண்டு அறை நித்திரை கொண்டிருக்கும், அவ்வளவுதான்."

பேராசிரியர் ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று சொன்னார். பெரியவர் அதை எனக்குச் சுருக்கமாகத் தந்தார்: இவர் சொல்வதுபோல வேலை பாதியில் நிற்கிறது, முடியும்வரை கருவி இங்கேயே இருக்கட்டும். கையோடு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறாராம், கல்லூரியில் வேறு யாரும் வந்து கேட்காமல் இருக்க.

அவர் கடிதத்தை ஆற அமர எழுத ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி, டீச்சரிடம் நூல்களைப் பற்றி ஏதோ கேட்டார். படம் வரைந்தார். தேத்தண்ணி குடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றுக்குச் சில நிமிடங்களே இருந்தன. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"டீச்சர், மூணு மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னால கையெழுத்து விழுந்திட்டா நல்லது" என்றேன்.

பெரியவர் தன் மகளைப் பார்த்தார். மணிக்கு ஒரு வேர் வெட்டி, ராகு காலத்துக்கும் வேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இரண்டு நாளில் எனக்கு நிரூபித்துக் காட்டிய ரெஜினா டீச்சர், சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. பேராசிரியரின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மரியாதையாக வாங்கி அப்பால் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.